நம் ஊர் வெயிலுக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்

"நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்க? கழட்டி விட்டுட்டா வண்டி கூலா ஓடும்." சேலத்தில் கார் பட்டறை நடத்தும் எனக்குக் கோடைதோறும் காதில் விழும் பேச்சு இது. வண்டிக்காரர்கள் மட்டுமல்ல, கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இதைச் சொல்கிறார்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். ஹீட் ஆகிறது என்று வரும் காரில் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அதன் மூடியை மட்டும் மறுபடி மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். அதன்பிறகு வரும் தொல்லைக்கும் இந்த வேலைக்கும் முடிச்சு இருப்பது வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. அவர் வேறு பட்டறைக்குப் போகிறார். அப்படி என்னிடம் வந்த வண்டிகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் மாற்றுங்கள். கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

முதலில் வெயில் கணக்கைப் பார்ப்போம். சேலத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். நமக்கு அது தாங்க முடியாத சூடு, ஆனால் இன்ஜினுக்கு அது குளிர்தான். பெட்ரோலோ டீசலோ, பெரும்பாலான கார் இன்ஜின்கள், உள்ளே சுற்றி வந்து குளிர்விக்கும் கூலன்ட் (பட்டறைப் பேச்சில் தண்ணீர்) 85-லிருந்து 100 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஆயிலின் இளக்கம், இன்ஜெக்டர் தெளிக்கும் எரிபொருளின் அளவு எல்லாமே அந்தச் சூட்டை வைத்துப் போட்ட கணக்கு. கொளுத்தும் வெயிலில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தாலும் இன்ஜின் இன்னும் 50 டிகிரி ஏற வேண்டும். மார்கழி விடியலில் 70 டிகிரி ஏற வேண்டும். நம் ஊர் வெயில் மிச்சப்படுத்தித் தருவது அந்த 20 டிகிரியைத்தான். மீதியை இன்ஜினே ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏற்றிய பிறகு அதே இடத்தில் நிறுத்தவும் வேண்டும். அதற்குத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் சின்னச் சாமான். நடுவில் பித்தளை அல்லது செம்புக் குப்பி, அதற்குள் ஒருவகை மெழுகு, மேலே ஒரு வட்டத் தகடு, அதை இழுத்து மூடி வைத்திருக்கும் ஸ்பிரிங். குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரியும். விரியும் மெழுகு உள்ளே இருக்கும் பின்னைத் தள்ளும்போது தகடு திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். சூடு இறங்கினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தகட்டை மூடிவிடும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இந்த மெழுகு உத்திக்கு செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் 1938-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் கார்களில் அடிப்படை அதேதான். புது மாடல்கள் சிலவற்றில் மெழுகுக்குள் ஒரு ஹீட்டர் கம்பியை வைத்து, திறக்கும் நேரத்தை இன்ஜின் கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவே. திறக்க ஆரம்பிக்கும் சூடு குப்பியிலோ விளிம்பிலோ 82, 88 என்று பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே திறக்க ஆரம்பித்து, மேலும் 10 முதல் 15 டிகிரி ஏறும்போது முழுதாகத் திறக்கும்.

இனி சொல்லப்போவதுதான் கழற்றிவிடச் சொல்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம். பல தெர்மோஸ்டாட்டுகளில் தகடு ஒன்றல்ல, இரண்டு. மேல் தகடு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, குப்பியின் அடியில் இருக்கும் சின்னத் தகடு கீழே இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். இன்ஜின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வருவதற்கான குறுக்கு வழிதான் இந்த பைபாஸ். சூடு ஏறியதும் அது அடைபட்டால்தான் சுடுதண்ணீர் முழுதும் ரேடியேட்டர் வழியாகப் போகும். தெர்மோஸ்டாட்டை மொத்தமாகக் கழற்றினால் ரேடியேட்டர் வழி திறந்திருக்கும், உண்மைதான். கூடவே பைபாஸும் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியைத் தேடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் நுழைவதைவிட பைபாஸ் அதற்குச் சுலபம். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்ப இன்ஜினுக்குள் வந்துகொண்டிருக்கும்.

டூரிஸ்ட் வண்டியாக ஓடிய ஒரு டீசல் கார் இதற்கு நல்ல உதாரணம். டிரைவர் தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, ஹைவேஸ்ல போனா ஊசி கீழேயே கிடக்குது. ஏற்காடு ஏறினா பாதி மலைக்குள்ள ஹீட் ஏறிடுது. ஒரே வண்டியில ரெண்டும் எப்படிண்ணே?" அதற்கு முன் வேறோர் இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுக்கும் ராடிங் அடித்திருந்தார்கள், ரேடியேட்டர் மூடியை மாற்றியிருந்தார்கள். ஹவுசிங்கைத் திறந்து பார்த்தேன், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சமவெளியில் லோடு குறைவு, எதிர்க்காற்று அதிகம், ரேடியேட்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் போனாலே இன்ஜின் குளிர்ந்துவிடுகிறது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டு, இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இன்ஜின் கக்கும் சூட்டுக்கு ரேடியேட்டரின் முழு வேலையும் வேண்டும். தண்ணீரில் பாதி பைபாஸிலேயே சுற்றினால் சூடு எப்படி இறங்கும்? அந்த மாடலுக்கு உரிய தெர்மோஸ்டாட்டும் புது கேஸ்கட்டும் போட்டு, கூலன்ட் மாற்றி அனுப்பினேன். தம்பி சொன்ன இரண்டு தொல்லையும் ஒன்றாக நின்றன. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் அதுவரை தாங்கியது அவருடைய நல்ல நேரம்.

இதற்கு வேறொரு விளக்கமும் பட்டறைகளில் உலவுகிறது: தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது என்பது. இது சரியல்ல. தண்ணீர் வேகமாகச் சுற்றினால் திரும்பத் திரும்ப ரேடியேட்டருக்குள் வரத்தான் செய்யும். வேகம் கூடுவதால் சூடு வெளியேறுவது குறைவதில்லை. குற்றம் பைபாஸ் மீதுதான். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வேகம்தான் பிரச்சினை என்று நம்புபவர், தெர்மோஸ்டாட்டின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு வளையத்தை மட்டும் மாட்டி, "வேகத்தைக் கட்டுப்படுத்திட்டேன்" என்கிறார். அந்த வளையத்தால் பைபாஸ் அடைபடாது.

அடித் தகடு இல்லாத இன்ஜின்களும் உண்டு. அவற்றில் கழற்றினால் ஹீட் ஏறாது, ஆனால் ஓட்டம் முழுவதும் இன்ஜின் குளிர்ந்தே கிடக்கும். தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். ஹீட் ஆனால் பதறும் வண்டிக்காரர், ஊசி கீழே கிடந்தால் மகிழ்ந்துபோகிறார். அது மகிழ வேண்டிய விஷயமில்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும், எரிபொருளைக் கூட்டியே தெளிக்கும். மைலேஜ் இறங்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவி, சூடு போதாததால் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் களிம்பு ஒட்டியிருக்கும். தினமும் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் அந்தக் களிம்பு தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் படியும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அதைக் கண்டால் இன்ஜின் சூட்டை அளந்து பாருங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபிறகு டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டரை, வண்டி ஓடும்போதே உள்ளுக்குள் எரித்துச் சுத்தம் செய்யும் வேலை அவ்வப்போது நடக்க வேண்டும். கூலன்ட் ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்டாவிட்டால் பல வண்டிகளில் அந்த வேலை தொடங்கவே தொடங்காது. டி.பி.எஃப். விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, ஹைவேஸில் ஓட்டியும் அணையவில்லை என்றால், ஃபில்டரை மாற்றச் சொல்லி ஒரு பெரிய தொகைக்கு எஸ்டிமேட் வாங்குவதற்கு முன் கூலன்ட் சூடு எவ்வளவு வரை ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேஸின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெடியூசருக்குச் சூடு கொடுப்பதே கூலன்ட்தான். சூடு ஏறும்வரை வண்டி பெட்ரோலில் ஓடும். கேஸுக்கு மாற முன்னைவிட அதிக நேரம் எடுக்கிறது என்று டாக்ஸிக்காரர்கள் சொன்னால், நான் கேஸ் கிட்டைத் தொடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஹீட் ஆகும் வண்டிகளில் எல்லாமே தெர்மோஸ்டாட் கோளாறு அல்ல. எப்போது ஹீட் ஆகிறது என்று வண்டிக்காரரிடம் விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐந்து ரோடு சிக்னல் நெரிசலில் மட்டும் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நெரிசலில் ஒன்றுமில்லை, வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டன்சரில் பூச்சியும் சேறும் அப்பிக்கிடந்தாலும் இதே அறிகுறிதான். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே ஊசி சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், தண்ணீர் வழியில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகியிருக்கலாம், பம்ப் சுற்றாமல் இருக்கலாம். ஓட்டத்தில் ஏ.சி. தானாக நின்று நின்று வருகிறது என்று ஏ.சி. மெக்கானிக்கிடம் போய் கேஸ் நிரப்பிக்கொள்பவர்கள் பலர். இன்ஜின் சூடு எல்லை மீறினால் கம்ப்ரெஸரைக் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். அப்படி இருந்தால் ஏ.சி. கேஸால் பயனில்லை.

மீட்டர் ஊசியை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் ஊசி நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்பதற்காக. புது வண்டிகளில் ஊசியே கிடையாது, குளிருக்கு ஒரு நீல விளக்கு, ஆபத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் ஸ்கேனரைச் சொருகினால் உண்மையான எண் தெரியும். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் அந்த எண் சீராக ஏறும். திறக்கும் சூட்டை எட்டியதும் ரேடியேட்டரில் குளிர்ந்து கிடந்த தண்ணீர் உள்ளே வருவதால் சில டிகிரி இறங்கி, மறுபடி ஏறி நிலைக்கும். அந்தச் சின்ன இறக்கம்தான் வால்வு திறந்ததற்கு அடையாளம். இறங்காமல் 105, 110 என்று போய்க்கொண்டே இருந்தால் திறக்கவில்லை. கால் மணி நேரம் ஓடியும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் மூடவில்லை. இந்த இரண்டாவது கோளாறுக்கு கம்ப்யூட்டர் பெரும்பாலும் பி0128 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்து வைத்திருக்கும். குறியீடு வந்ததும் தெர்மோஸ்டாட்டை ஆர்டர் செய்துவிட வேண்டாம். கூலன்ட் அளவு குறைந்திருந்தாலும், டெம்பரேச்சர் சென்சார் தவறான அளவு காட்டினாலும் அதே குறியீடு வரும். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியைத் திருப்பி மட்டும் பாருங்கள். கூலன்ட் சூடும் வெளிக்காற்றுச் சூடும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் தனியாக 15 டிகிரி தள்ளிக் காட்டினால் சென்சாரைக் கவனியுங்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கை போகாமல். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் இன்ஜினில், முதல் சில நிமிடங்கள் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். திடீரென்று சுட ஆரம்பித்தால் வால்வு திறந்துவிட்டது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெதுவாகச் சூடாகிக்கொண்டே வந்தால் வால்வு மூடவே இல்லை. இன்ஜின் கொதிக்கும் நேரத்தில் அந்த ஹோஸ் குளிர்ந்திருந்தால் திறக்கவில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் சேரும் இடத்தில் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாவதில் தவறில்லை, கீழ் ஹோஸையும் ரேடியேட்டரின் அடிப்பகுதியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொட்டுப் பார்த்து, நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றுபவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஹீட்டர் சோதனை. நம் ஊரில் ஹீட்டர் குமிழைத் தொடுபவர் யாருமில்லை. ஆனால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வழி பெரும்பாலான இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைச் சார்ந்ததல்ல. இன்ஜின் ஹீட் ஆகும் நேரத்தில் ஹீட்டரை முழுதாகத் திருப்பி புளோயரைப் போடுங்கள். அனல் காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, பம்ப் சுற்றவைக்கிறது, அப்படியானால் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஃபேன் இவற்றில் தேடலாம். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீர் இல்லை அல்லது சுற்றவில்லை. அந்த வண்டியை இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

ரேடியேட்டர் மூடியை ஏதோ டப்பா மூடி என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 90-ஐத் தாண்டி ஓடுகிறது. சாதாரண ரேடியேட்டர் மூடி உள்ளே 0.9 பார் அளவுக்கு அழுத்தம் பிடித்து வைத்து, கொதிநிலையை ஏறக்குறைய 20 டிகிரி உயர்த்துகிறது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் உயரும். மூடியின் ரப்பர் வெடித்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால் மேலே போய்ச் சேரும்போது கொதிக்கத்தான் செய்யும். அதற்குத் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது விடாமல் குமிழி வந்தாலோ, ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. ஒருமுறை நன்றாக ஹீட் ஏறிய வண்டியில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அலுமினிய ஹெட், இரும்பு பிளாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது கேஸ்கட்.

வாணலியில் ஒரு சோதனை

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. குளிர்ந்த நிலையிலேயே வாய் பிளந்திருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மூடியிருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தகட்டின் இடுக்கில் ஒரு நூலைச் சிக்கவைத்துத் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் தண்ணீரைவிட அதிகச் சூடு ஏறிப் பொய் காட்டும். 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக நூல் நழுவி விழ வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தகடு 8 மில்லிமீட்டர் அளவுக்காவது எழும்பியிருக்க வேண்டும், மாடலுக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்போது முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள். பலர் திறப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, பழையதையும் புதியதையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் காட்டுவேன். புதியது திறந்து நிற்க, பழையது அசையாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர் அதன்பிறகு "கழட்டி விட்டுடலாமே" என்று கேட்பதில்லை. புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிச் சோதிப்பது நல்லது. இந்தச் சோதனைக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் விஷம்.

இது எதனால் கெடுகிறது? வயதாகி மெழுகு கசிவது ஒன்று. நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது உப்புத் தண்ணீர். போர் தண்ணீரைக் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில், தெர்மோஸ்டாட்டின் பின் மீது வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடக்கும். மூன்றாவது, லீக் அடைக்கப் போடும் மஞ்சள் தூள். நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் வந்து சேர்வது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஊர் வந்ததும் அதைக் கழுவி எடுக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் கேடு. ஓட்டையை அடைத்த அதே தூள் ரேடியேட்டர் குழாய்களையும் தெர்மோஸ்டாட்டில் இருக்கும் காற்றுத் துளையையும் அடைக்கும். நான்காவது, வேறு வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலப்பது. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்க முடியாது, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். அடர் கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும், ரெடிமிக்ஸ் என்றால் எதுவும் கலக்காமல் ஊற்ற வேண்டும்.

சிக்கிய தெர்மோஸ்டாட்டை டீசலில் கழுவி, எமரி ஷீட் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது இன்னொரு மலைப் பாதையில் உங்களைக் கைவிடும். இதில் ரிப்பேர் என்பது மாற்றுவது மட்டும்தான். சாதாரணக் கார்களுக்கு வால்வு மட்டும் தனியாகக் கிடைத்தால் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடியும். பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு ஒரே செட்டாக வரும் மாடல்களுக்குக் கூடும். ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேசிங் போட்டு, கேஸ்கட் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அதுவும் சொற்பம்.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியவை சிலதான், ஆனால் அவற்றில்தான் தவறு நடக்கிறது. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். குப்பியும் ஸ்பிரிங்கும் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும், சுடுதண்ணீர் குப்பியைத் தொட்டால்தான் மெழுகு உருகும். தலைகீழாக மாட்டிய வண்டியும் இங்கே வந்திருக்கிறது. விளிம்பில் ஆடும் சின்ன ஜிகிள் பின் இருந்தால் அது மேலே வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. பழைய கேஸ்கட்டைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ரப்பர் ஓ-ரிங் உள்ள இடத்தில் பேஸ்ட் தேவையில்லை, உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் பிய்ந்து ரேடியேட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஓ-ரிங்கில் இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவாமல் கொஞ்சம் கூலன்ட்டைத் தடவுங்கள், கூலிங் சிஸ்டத்தில் வரும் ரப்பர் பெரும்பாலும் ஆயில் பட்டால் ஊதிப்போகும் வகை. பிளாஸ்டிக் ஹவுசிங் போல்ட்டுகளைக் கை பலம் காட்டி முறுக்க வேண்டாம். அதே வேளையில், பழைய மெக்கானிக்குகள் சிலர் சிபாரிசு செய்யும் குறைந்த டிகிரி வால்வையும் போடாதீர்கள். 88-க்குப் பதில் 76 போட்டால் வால்வு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். அடைத்துப்போன ரேடியேட்டரின் ஆற்றும் திறன் அதனால் கூடிவிடாது. ஃபேனை நேரடியாக பேட்டரி லைனில் "டைரக்ட்" கொடுத்து எப்போதும் ஓடவிடுவதும் இதே ரகம். அது கோளாறை மறைக்கும், ஃபேன் மோட்டாரையும் தேய்க்கும்.

வழியில் ஹீட் ஏறிவிட்டால் என்ன செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை வேகமாக ஓடவிட்டு ஓரம் கட்டுங்கள். காருக்குள் வேகும், ஆனால் அந்த ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்து கொஞ்சம் சூட்டை வெளியே இழுக்கும். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் 110 டிகிரித் தண்ணீர் மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிடும். துணியைச் சுற்றித் திறந்தும் முகமும் கையும் வெந்தவர்களை எனக்குத் தெரியும். கொதிக்கும் இன்ஜின் மீது பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது, ஹெட்டில் விரிசல் விழும்.

தெர்மோஸ்டாட் மாற்றிய வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும்போது பழைய வால்வைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏர் எடுத்தார்களா என்று கேளுங்கள்: வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டிருக்க வேண்டும். ஸ்கேனரில் கடைசியாக எத்தனை டிகிரியில் நிலைத்தது என்பதையும், ஊற்றிய கூலன்ட்டின் வகையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரிசர்வ் டேங்க்கைப் பாருங்கள். மிச்சமிருந்த காற்று இரவில் வெளியேறியதால் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் அதே வகைக் கூலன்ட்டை மேல் கோடு வரை ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு மறுநாளும் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.